அம்மா கையில் ரதியின் காப்பு

"தேர்வுக்கு அழைக்கப்பட்டவர் காலை எட்டரைக்கு ஹட்டனில் இருக்க வேண்டும். பிந்தி வருவோருக்கு அனுமதி இல்லை." தோட்டப் பாடசாலை ஆசிரியர் தேர்வுக்காக 1959 பெப்ரவரியில் எனக்கு வந்த கடிதத்தின் கடைசி வரிகள் இவை. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் அதற்கு முன் அப்படியொரு கடிதம் வந்ததில்லை. சட்டைக்குள் அதைச் செருகிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையெல்லாம் ஓடினேன்.

அந்த வாரமே காமன் கூத்துக்கு ஆள் பிரித்தார்கள். மன்மதன் எரிந்ததும் அழுது புரளும் ரதி வேஷம் எனக்கு. ஆண்கள்தான் ரதியாக ஆடுவார்கள். அது பெரிய மரியாதை. தப்பு முழங்க, கூத்து மாஸ்டர் என் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காப்புக் கட்டியவன் காமன் எரியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தேர்வோ காமன் எரிவதற்கு முந்தைய நாள்.

தேர்வுக்கு முந்தைய மாலை, கோயிலடியில் கூடியிருந்தவர்கள் முன் போய் மாஸ்டரிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு மட்டும் விடுங்க மாமா."

"வெளையாட்டா இது?" என்றார் மாஸ்டர். "நீ தாண்டிப் போயி லயத்துல யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"விடுங்கண்ணே, தொரைக்கு அவசரம்" என்றார் தப்படிப்பவர். "நாளைக்கு நம்மள எல்லாம் காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். "எங்க புள்ளைங்க எல்லாம் மலைக்கு வேலைக்குப் போகலியா? இவனுக்கு மட்டும் என்ன?" என்றாள் ஒருத்தி. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். "அண்ணே, அத அவுத்து என் கையில கட்டுங்க. அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் எல்லையத் தாண்டல."

"பொம்பளைக்கா? எங்கயாவது உண்டா?"

"அழுவுறது ரதிதானே? அவளும் பொம்பளதானே? கட்டுங்க."

சிரிப்பு நின்றது. மாஸ்டர் நெடுநேரம் முனகிவிட்டுக் கயிற்றை அவிழ்த்து அம்மா கையில் கட்டினார்.

விடியுமுன் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன். நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸை மறித்து ஏறினேன். தேர்வு மண்டபத்தில் கோட்டுப் போட்டவர்களுக்கு நடுவே உட்கார்ந்தபோது என் மணிக்கட்டில் மஞ்சள் கறை போகாமல் இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை. முதல் கேள்வியைப் படித்தேன், விடை தெரிந்தது! இரண்டாவதும் தெரிந்தது! பேனா ஓடிய வேகத்தில் தாள் கிழிந்துவிடுமோ என்று பயந்தேன்.

மறுநாள் காப்பைத் திரும்பக் கட்டிக்கொண்டு ரதியாக ஆடினேன். காமன் எரிந்தது. நான் கதற வேண்டும். வாயோ காதுவரை விரிந்திருந்தது. "புருசன் செத்ததுக்குச் சிரிக்கிற ரதிய இப்பதான் பாக்குறேன்" என்று மாஸ்டர் காதைக் கடித்தார்.

வேலை கிடைத்தது. தப்படிப்பவர் மட்டும் பல வருடம் என்னை "வாங்க தொரை" என்றே கூப்பிட்டார். பிறகு தன் மகனைக் கொண்டுவந்து என் வகுப்பில் விட்டார்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாகவில்லை. தேர்வன்று மாலை அம்மா காப்போடு எல்லைக்கு வெளியே பஸ் நிற்கும் சந்திவரை வந்து, என் பஸ் தெரிந்ததும் ஓடித் திரும்பிவிட்டதாகப் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா சொன்னார். அம்மா இல்லை என்றார். வேறு சாட்சி கிடைக்காததால், இது இன்றுவரை உறுதிப்படாத செய்தி.