கிட்டங்கி ஓரத்துப் பதினோரு கற்கள்

டியூபுக்குள் தண்ணீர் ஆடவில்லை. பரிபூரணம் அதைப் பார்த்தாள். பார்த்தும், கிட்டங்கிச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டாள்.

ராஜபாளையத்தில் சுப்புராஜ் முதலாளி வீட்டு முற்றத்துக்குக் கல் பாவும் வேலை. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. தெருக்கதவிலிருந்து வீட்டு வாசல் வரை நடைபாதை. அதை ஒட்டி வலதுபுறம் கிட்டங்கி வரைக்கும் பட்டியக்கல் தளம். கிட்டங்கிக்குள் பேண்டேஜ் துணிக் கட்டுகள் தரையிலிருந்து விட்டம் வரை அடுக்கியிருந்தன. திங்கட்கிழமை லாரியில் ஏற வேண்டிய சரக்கு.

மட்டம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு நடப்பார்கள். இடம் வந்ததும் இருவரும் விரலை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மேலும் கீழுமாக ஆடி அடங்கும். அடங்கிய இடம்தான் மட்டம்; ஒரு முனை அடைத்தே இருந்தால் தண்ணீர் ஆடாது, கோடு தப்பாகிவிடும். அன்று காலை வீட்டு வாசல் முனையைப் பிடித்திருந்தவர் மேஸ்திரி ராக்கப்பன். முதலாளியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர் விரலை எடுக்கவே இல்லை.

"போட்டியாட்டி கோடு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"போட்டாச்சு அண்ணே."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்து வருஷமாக அவரோடு வேலைக்கு வருகிறாள். பத்து வருஷமும் தலையில் கலவைச் சட்டிதான். சும்மாடு வைக்கும் இடத்தில் முடி தேய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவராகவே சொன்னார்: "திங்கக்கிழமை நம்ம ஊர்லயே ஒரு வேலை இருக்கு. உனக்கு ஒரு கொத்துக்கரணை தாரேன். பொம்பள கல்லு பாவுறத ஊர் பாக்கட்டும்." அந்த ராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை.

சீனியம்மாளும் அவள் நினைவுக்கு வந்தாள். போன வருஷம் வீட்டுக்காரர் முன்னாலேயே, "மேஸ்திரி, செங்கல் எண்ணிக்கை தப்பு" என்று சொன்னவள். சொன்னது சரிதான். அதன்பிறகு அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

கோட்டிலிருந்து அளந்து ராக்கப்பன் கிட்டங்கி ஓரத்து வரிசையைப் பாவினார். ஒவ்வொரு கல்லுக்கும் பரிபூரணம் கலவை கொட்டினாள். இப்போது சொல்லிவிடலாம், அடுத்த கல்லுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே பதினோரு கல்லும் உட்கார்ந்துவிட்டன. மணி பன்னிரண்டு. மேற்கே மலை கறுத்திருந்தது.

"இடுக்குப் பூசச் சிமெண்டு பத்தாது. வாங்கிட்டு வாரேன். சோத்தத் தின்னு" என்று ராக்கப்பன் சைக்கிளை எடுத்தார்.

அவள் தூக்குவாளியைத் திறக்கவில்லை. தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டு, முற்றத்தின் நடுவில் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு தெருக்கதவுக்கு முதுகைக் காட்டி, கிட்டங்கி நிலைப்படியைப் பார்த்து நடந்தது.

சாயங்காலத்துக்குள் கலவை இறுகிவிடும். அதற்குமேல் பெயர்த்தால் கல் உடையும். மழையோ அதற்கு முன்பே வரும்போல் இருந்தது. பரிபூரணம் கடப்பாரையை எடுத்து முதல் கல்லின் அடியில் கொடுத்து நெம்பினாள்.

நான்காவது கல்லைச் சுவரில் சாய்க்கும்போது முதலாளி வெளியே வந்தார்.

"என்னம்மா இது? யாரு கல்லப் பேக்கச் சொன்னா?"

அதே நேரம் தெருக்கதவில் சைக்கிள் மணி அடித்தது. பின்னால் சிமெண்டு மூட்டையோடு ராக்கப்பன் அப்படியே நின்றுவிட்டார். முதலாளி அவரைப் பார்த்தார். அவர் இவளைப் பார்த்தார்.

அவள் கல்லை விட்டு நிமிர்ந்தாள். "டியூப்புல காத்து இருந்துருக்கு முதலாளி. நான் கவனிக்காமக் கோடு போட்டுட்டேன். தண்ணி கிட்டங்கிக்குள்ள போவுது."

"கண்ண எங்கட்டி வச்சிருந்த?" ராக்கப்பன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். "பத்து வருசமாச் சட்டி தூக்கியும் ஒரு கோடு போடத் தெரியல. நீயெல்லாம் கரணை பிடிச்சு, அதுல நான் பேர் வாங்கி..."

"திட்டு பொறவு இருக்கட்டும். துணி நனைஞ்சா நான் உன்னத்தான் கேப்பேன் ராக்கப்பா" என்றார் முதலாளி. சொன்னவர் உள்ளே போகவில்லை. கிட்டங்கி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பரிபூரணம் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு குமிழிகூட இல்லை. ராக்கப்பனும் பார்த்தார். அவள் அவருடைய முனையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பெருவிரல் தானாகப் போய் டியூபின் வாயை அடைத்தது.

வாசலருகே போய் நின்றவர் அந்த விரலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எடுத்தார். அவள் முனையில் தண்ணீர் துள்ளி, ஆடி, அடங்கியது. காலையில் போட்ட கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே.

இருவருமாக மீதிக் கற்களைப் பெயர்த்தார்கள். அவள் கலவை கொட்ட, அவர் தட்டி உட்கார வைத்தார். ஏழாவது கல்லில் முதல் தூறல் விழுந்தது. பதினோராவது கல் உட்கார்ந்ததும் முதலாளியே தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்துப் போர்த்தினார். மழை சடசடவென்று கொட்டியது. மூவரும் கிட்டங்கி வாசலில் ஒண்டிக்கொண்டு தரையையே பார்த்தார்கள். தார்ப்பாயில் விழுந்த தண்ணீர் வழிந்து, கல்லுக்குக் கல் தாவி, தெருக்கதவின் அடியில் நுழைந்து வெளியே போனது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ராக்கப்பன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை கூப்பிட ஆள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. பரிபூரணம் வத்திராயிருப்புப் பக்கம் நடவுக்குப் போனாள். சேற்றில் குனியும்போதெல்லாம், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டும் பலனில்லையே என்று தோன்றும். பொய் சொன்னதற்காக வேதக்கோயிலில் சிலுவைக்கு முன்னால் மன்னிப்பும் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ராக்கப்பன் வாசலில் நின்றார். தோளில் டியூபைச் சுருட்டி மாட்டியிருந்தார். உள்ளே வரவில்லை.

"கான்சாபுரத்துல ஒரு வீடு. முத்தம், நடைபாதை எல்லாம் உண்டு. கெளம்பு."

"சட்டி எடுத்துக்கிடவா அண்ணே?"

"சட்டிக்கு ஆள் இருக்கு. கரணை என் பையில இருக்கு, உனக்கு." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டியூப்புக்கு அந்தப் பக்கம் பிடிக்கத்தான், வெரல் இல்லாத ஆளாத் தேடிக்கிட்டிருக்கேன்."

அவர் தெரு முனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பரிபூரணம் சிரித்தாள்.