தொலையாத பாஸ்போர்ட்

மூன்று வருடங்களுக்கு முன், கோடை விடுமுறை நேரம். மந்தைவெளியில் நாங்கள் இப்போதும் குடியிருக்கும் அதே வீட்டில்தான் இது ஆரம்பித்தது. என் நாத்தனார் மகளுக்குச் சிங்கப்பூரில் கல்யாணம். விமான டிக்கெட் போடுவதற்காகப் பீரோவிலிருந்து மூன்று பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். என்னுடையதும் கணவருடையதும் இந்தியப் பாஸ்போர்ட். எங்கள் ஏழு வயது மகளுடையது மட்டும் அமெரிக்கப் பாஸ்போர்ட்.

நாங்கள் அங்கே வேலை பார்த்தபோது பிறந்தவள் அவள். அந்த மண்ணில் பிறந்தால் அந்த ஊர்க் குடிமகள் என்பது அவர்கள் சட்டம். ஒருவருக்கு இரண்டு நாடு கிடையாது என்பது நம் சட்டம். பதினோரு மாதக் கைக்குழந்தையாக இங்கே கொண்டுவந்துவிட்டோம். அதன்பின் அவள் விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறாள். மயிலாப்பூரில் பள்ளி. பள்ளிக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரரிடம் கற்றுக்கொண்ட மெட்ராஸ் தமிழ். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவள் மட்டும் "தோசை ஜில்லுனு கீதும்மா" என்பாள். இவளைப் போய் வெளிநாட்டுக்காரி என்று எங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

பாஸ்போர்ட்டைப் பிரித்தேன். முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விசாவும் அப்படியே.

பெரியவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருடம். குழந்தைகளுக்கு ஐந்துதான். எங்களைப் போலத்தான் அவளுக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இத்தனைக்கும் நான் கம்ப்யூட்டர் மென்பொருள்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள். ஊரார் எழுதியதில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, சொந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் ஒரு தேதி கண்ணில் படவில்லை. ஆக, என் மகள் இரண்டு வருடமாக அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் தங்கியிருக்கிறாள். ஊரை விட்டு அனுப்பிவிடுவார்களா, இனிமேல் உள்ளே விடவே மாட்டார்களா, ஒன்றும் புரியவில்லை. அன்று அந்த நீலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லி, மறுநாள் காலையில் தி.நகரில் ஓர் ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"இதுக்குப் போய் கலங்கலாமா மேடம்? தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க. அத வெச்சுப் புதுசு வாங்கிடலாம். பழசுல இன்னா தேதி இருந்துச்சுன்னு எவன் கேக்கப்போறான்?"

எப்படி எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். மாடவீதியில் காய்கறி வாங்கும்போது கைப்பை தவறிவிட்டது, அதற்குள் குழந்தையின் பாஸ்போர்ட் இருந்தது. கணவரிடம் போனில் கேட்டேன். "உனக்குச் சரின்னு பட்டா செய்" என்றார். பின்னால் எது நடந்தாலும் தப்பித்துக்கொள்ள அதைவிடச் சாமர்த்தியமான பதில் கிடையாது. பயந்தவளுக்கு எல்லாமே சரி என்றுதான் படும். அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகளை வீட்டில் தனியே விட முடியாமல் அவளையும் அழைத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

வரவேற்பு மேஜையில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். என் புகாரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். எந்தக் கடை, எத்தனை மணி, பை என்ன நிறம் என்று கேட்டார். தடுமாறாமல் பதில் சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

புகாரைக் கீழே வைத்துவிட்டு அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, உன் பாஸ்போர்ட்டா தொலஞ்சு போச்சு?"

"தொலயல ஆன்ட்டி. பீரோல கீது. அம்மா நேத்து அதப் பாத்து அழுதுகினு இருந்தாங்கோ."

பொய்ப் புகார் கொடுத்ததற்கு என்மேலேயே வழக்குப் போடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் சத்தம் போடுவார், பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். அவரோ மகளிடம், அந்த மூலையில் தண்ணீர் கேன் இருக்கிறது, போய்க் குடித்துவிட்டு வா என்று அனுப்பினார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஏஜென்ட் உட்பட. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் சொன்னார்.

"ஏம்மா, இது பாப்பா பேர்ல குடுக்கிற கம்ப்ளைன்ட். நான் வாங்கி நம்பர் போட்டுட்டா, போலீஸ் ரெக்கார்டுல அந்தக் கொழந்தயப் பத்தி ஏறுற மொத பேப்பரே பொய்யா போயிடும். அது எங்க போனாலும் கூடவே வரும். தேதி பாக்காம விட்டது தப்பு. தப்புன்னே போய் சொல்லுங்க. தப்புக்கு சட்டத்துல ஒரு வழி இருக்கும். பொய்க்கு இருக்காது."

நான் கொடுத்த தாளை, மடித்திருந்தபடியே மடித்து என்னிடம் தள்ளினார். வெளிநாட்டினர் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தின் விலாசத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். "பாப்பாவையும் கூட்டினு போங்க. உங்களவிட அது நல்லா பேசுது" என்றார். கிண்டல்தான். எனக்கு அது தேவைதான்.

அடுத்த வாரம் மூன்று பேருமாக அந்த அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கறாரான மனிதர். மகளிடம் நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். அவள் பெயரைச் சொல்லிவிட்டு, "உங்க பேர் இன்னா அங்கிள்?" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதன்பின் கம்ப்யூட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பினார். மகள் இந்த ஊரில் வந்து இறங்கிய நாள், விசா முடிந்த நாள் எல்லாம் அதில் இருந்தன. பாஸ்போர்ட் தொலைந்துபோனதாக நாங்கள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

குழந்தைதானே என்று அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நடந்தது நடந்தபடி கடிதம் எழுதித் தரச் சொன்னார். அபராதம் கட்டினோம். தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்கி வந்தபிறகுதான் விசா என்றார். எல்லாம் முடிய நாலு மாதம் பிடித்தது. சிங்கப்பூர்க் கல்யாணத்துக்குக் கணவர் மட்டும் போய்வந்தார். அதை என் நாத்தனார் இன்றைக்கும் குத்திக்காட்டத் தவறுவதில்லை.

கடைசி நாள் அனுமதிக் காகிதத்தை வாங்கும்போது மகள் திடீரென்று கேட்டாள். "அப்ப நான் இங்க இருக்கக் கூடாதா அங்கிள்?" எத்தனை நாள் அதை மனதில் வைத்திருந்தாளோ, பாவம். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அதிகாரி மேஜையைச் சுற்றி வந்து, அந்தக் காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்தார். "தாராளமா இருக்கலாம்மா. கேட்டுட்டு இருக்கணும், அவ்வளவுதான். உங்கம்மா கேக்க மறந்துட்டாங்க. இப்போ கேட்டுட்டாங்க."

சட்டத்தை இவ்வளவு எளிமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதுவரை எனக்குச் சட்டம் என்றால் நம்மை எங்கே மடக்கலாம் என்று காத்திருக்கும் ஒன்று. அந்த மனிதர் ஓர் எழுத்தைக்கூட வளைக்கவில்லை. ஆனாலும் ஒரு குழந்தையின் பயத்தை அரை நிமிடத்தில் போக்கிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் காவல் நிலையத்தில் இறங்கினோம். ஏட்டம்மா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மகளைப் பார்த்ததும், "அட, பீரோ பாப்பா!" என்றார். காகிதத்தைக் காட்டி, நீங்கள் செய்த உதவியை மறக்கவே மாட்டேன் என்று சொன்னேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"நான் இன்னாம்மா பண்ணேன்? வாங்கக் கூடாதத வாங்கல. அதுக்குப் போயி..." என்று மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் மகளுக்குக் காது குத்தியதிலிருந்து எத்தனையோ பேர் சீர் செய்திருக்கிறார்கள். ஆனால் அவள் பெயரில் ஒரு பொய்கூட ஏறாமல் காப்பாற்றிக் கொடுத்தாரே அந்த ஏட்டம்மா, அதைவிடப் பெரிய சீர் அவளுக்கு இதுவரை யாரும் செய்யவில்லை, பெற்ற நான் உட்பட.