பஞ்சலிங்கத்தார் சொல்லாமல் வைத்த சேதி

அறுபதுகளில் அச்சுவேலியில் கோயில் கொடியேறினாலும், சங்கக்கடைக்குக் கோதுமை மா வந்திறங்கினாலும், ஒரு பெட்டை பள்ளிக்கூடச் சோதினையில் சித்தியடைந்தாலும், அது பஞ்சலிங்கத்தாரின் கைபடாமல் பேப்பருக்குப் போகாது. சந்தைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர்தான். ஆனால் யார் அவரைச் சைக்கிள்கடைக்காரர் என்றார்கள்? ஊருக்கு அவர் நிருபர். காலையில் முதல் பஸ் பேப்பர்க் கட்டோடு வந்து நிற்கும். கட்டை இறக்கிவிட்டு, தான் எழுதியதைக் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பிறகு எங்கள் ஊர்ச் சேதி எந்த மூலையில் கிடக்கிறது என்று தேட நாலு தலை ஒன்றாகக் குனியும். அந்தச் சந்தோசமெல்லாம் இனி எங்கே வரப்போகிறது!

மனிசனிடம் ஒரு குறை. சேதி அவர் வயிற்றில் தங்காது. பேப்பருக்குப் போகமுன்னமே சந்தை முழுக்கப் போய்விடும். "நிருபரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்று சொல்லித்தான் ஊரில் ரகசியமே கதைப்பார்கள்.

அவருடைய உற்ற சிநேகிதர் கனகலிங்கம், வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அவரின் மகள் குணலட்சுமிக்கு ஒருமுறை கலியாண நாள் வைத்து, முதல்நாள் கனகலிங்கத்தின் சித்தப்பா கண்ணை மூடிவிட, சாவுத் தீட்டு, துடக்கென்று பந்தலைப் பிரித்தார்கள். மாப்பிள்ளை வீடும் கைவிட்டுவிட்டது. ராசியில்லாத பெட்டை என்று வாய் கூசாமல் சொன்னார்கள். சில வருசம் கழித்துத்தான் வேறொரு நல்ல இடம் பொருந்தி வந்தது.

முகூர்த்த நாளன்று விடிய, கொண்டக்டர் சீவரத்தினம் பேப்பர்க் கட்டோடு குனிந்து சொன்னான்.

"அண்ணை, அரியாலை நமசிவாயத்தார் மோசம் போயிட்டார்."

நமசிவாயம் கனகலிங்கத்தின் கூடப்பிறந்த தமையன். நெடுநாளாகப் பாயில் கிடந்தவர். சாவு காதில் விழுந்த பிறகுதான் துடக்கு, கேள்விப்படாதவனுக்கு இல்லை. கனகலிங்கத்துக்குத் தெரிந்தால் மகளைத் தாரை வார்க்க முடியாது. இனியும் குழம்பினால் அந்தப் பிள்ளையை ஆர் கேட்டு வருவான்?

பஞ்சலிங்கத்தார் வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனார். கனகலிங்கமோ அவரைக் கண்டதும் கையைப் பிடித்து நேரே சமையல் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். "மச்சான், நீ இதிலை நிண்டு சாம்பாரைப் பார். அங்காலை வரவேண்டாம்." நல்லதாய்ப் போச்சு என்று அவரும் புகைக்குள் நின்று கண்ணைத் துடைத்தார். நமசிவாயத்தோடு தோட்டக் கிணற்றில் குதித்து நீந்திய காலமெல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றது. கெட்டிமேளம் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பந்திக்கு இலை போட்டதும் சிநேகிதரை வேலிக்கரைக்குக் கூப்பிட்டார். "மச்சான், மனதைத் திடப்படுத்து. அரியாலை அண்ணை..."

"தெரியும்" என்றார் கனகலிங்கம். "விடியமுன்னம் அண்ணையின்ரை பக்கத்துவீட்டுச் செபநாயகம் சைக்கிளிலை ஓடிவந்து சொல்லிப்போட்டார். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர், துடக்கை நினைக்கேல்லை. ஒருத்தரிட்டையும் வாய் திறவாதேங்கோ எண்டு கும்பிட்டு அனுப்பினனான். உனக்குத் தெரிஞ்சால் ஊருக்குத் தெரிஞ்சிடும் எண்டுதான் உன்னைக் கொட்டிலிலை மறிச்சனான்."

"அப்ப துடக்கோடையோ தாரை வாத்தனீ?"

"ஓம். பாவம் என்ரை தலையிலை கிடக்கட்டும். பிள்ளையை இன்னொருக்கா மணவறையாலை இறக்க என்னாலை ஏலாது."

வாடகைக் காரில் இரண்டு பேரும் அரியாலைக்குப் போனார்கள். வாசல் படலையடிக்குத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள் நமசிவாயத்தின் மனைவி மீனாம்பிகை. "தம்பிக்கு எப்ப தெரியும்?" என்று பஞ்சலிங்கத்தாரைத்தான் கேட்டாள்.

நிருபர் என்று பெயரெடுத்த நாள்முதல் அவர் ஒரு பொய்ச் சேதி சொன்னதில்லை.

"தாலி ஏறினாப் பிறகுதான் அக்கா. நான்தான் சொன்னனான்."

மீனாம்பிகை கனகலிங்கத்தைக் கட்டிக்கொண்டாள். "என்ரை ராசா, அவர் கடைசியாய்க் கதைச்சது உதுதான். தாலி ஏறுமட்டும் தம்பியின்ரை காதிலை போடாதேங்கோ, அவன் தாங்கமாட்டான் எண்டு."

காலை முழுவதும் சிரித்த முகமாய் வாசலில் நின்று சந்தனம் கொடுத்த மனிசன், அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பாவம், இப்பதான் கேள்விப்பட்டவராம் என்று முற்றத்தில் சனம் சொன்னது. பஞ்சலிங்கத்தார் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.