தார் பூசிய கூரை

வெயிலில் இளகும் தாரின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் "காண்டாவனம்"தான் நினைவுக்கு வரும். வைகாசி வெயில் கொதிக்கும் நாட்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு, தொண்டைமானாறு என்ற எங்கள் கடலோர ஊரில் நாங்கள் இருந்தது, மரமே இல்லாத வெறும் வளவில் போட்ட ஒரு தகரக் கொட்டில். கூரை ஒழுகுகிறதென்று, கடற்றொழில் செய்த அப்பா வள்ளத்தின் அடிக்குப் பூசுகிற தாரையே எடுத்து ஓர் இடம் விடாமல் பூசிவிட்டார். "வள்ளத்துக்கையே தண்ணி வராது, வீட்டுக்கை வருமோ?" என்று அவருக்கு ஒரே "புளுகம்", அத்தனை சந்தோசம்.

தண்ணீர் வரவில்லை, கறுத்த தார் வெயிலைக் குடித்துச் சூடு வந்தது. குறைமாதத்தில் பிறந்த என் தங்கைச்சி, மூன்று மாதக் குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டுப் பால் குடிக்க மறுத்தாள். "உந்தச் சூட்டுக்குள்ளை பிள்ளை தாங்காது" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை. கூரையில் ஏறித் தாரைச் சுரண்டினார். அது வருவதாக இல்லை.

இறங்கி வளவில் நடந்தபோது, தார் ஒட்டிய அவரது உள்ளங்கால்களில் வெள்ளை மணல் அப்பிக்கொண்டது. அம்மா அதைக் கண்டுவிட்டார்.

"உங்கடை காலைப் பாருங்கோ! உந்த மணலைக் கூரைக்கும் எறியுங்கோவன்."

உச்சி வெயிலில் தார் இளகி நிற்க, நான் கடகத்தில் மணல் அள்ளிக் கொடுக்க, அப்பா மேலேயிருந்து விசிறினார். அதன்மேல் இரண்டு தரம் சுண்ணாம்பு பூச, கறுத்த கூரை வெளுத்தது. வெறும் தகரமென்றால் சுண்ணாம்பு முதல் மழைக்கே கழுவுண்டு போயிருக்கும். மணலைப் பிடித்துக்கொண்டு அது நின்றது. மறுநாள் மத்தியானம் அப்பா ஒரு கையால் தகரத்தின் அடிப்பக்கத்தையும் மறு கையால் தங்கைச்சியின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். அன்று பின்னேரம் அவள் பால் குடித்தாள். காண்டாவனம் முடியும்வரை அவர் தினமும் அப்படித் தொட்டுப் பார்த்தார்.

இன்று அந்தக் கொட்டிலும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆனால் அம்மாவின் அந்தக் கண்ணுக்கு நான் என்றும் நன்றியுடையவள். அதே வளவில் தங்கைச்சி கொங்கிறீற் கூரை போட்டு வீடு கட்டியிருக்கிறாள். போன காண்டாவனத்தில் அவளே மேலே ஏறிப் புதுவகை வெள்ளைப் பூச்சு ஒன்றைப் பூசினாள். அது வெயிலைத் திருப்பி எறிவதோடு கூரையில் இருக்கிற சூட்டையும் வானத்துக்கே அனுப்பிவிடுமாம்.

"மணல் போடேல்லையோ, பிள்ளை?" என்றார் அப்பா.

"இதுக்குத் தேவையில்லை, அப்பா" என்று அவள் சிரித்தாள்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மத்தியானம் கதிரையில் ஏறிக் கூரையின் அடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, விழுந்துவிடுவாரென்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கைச்சியின் நெற்றியில் மறு கையை வைத்து, "சூடில்லை" என்றார்.