எதிரே இருப்பவரின் வலது

மடிக்கணினித் திரையில் ஒரு மனித வயிற்றின் குறுக்குவெட்டுப் படம். அதில் சிறுநீரகத்தைச் சுட்டும் ஒரு மஞ்சள் அம்பு. பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமுன் உட்கார்ந்து என் மனைவி அந்த அம்பை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் மருத்துவராக அவள் பயிற்சி பெற்றுவந்தாள். அதன் முதற்படி உடற்கூற்றுத் தேர்வு. கணினியில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அம்பு காட்டும் உறுப்பின் பெயரை, வலமா இடமா என்பதோடு சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இருமுறை தோற்றிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் பயிற்சியை விட்டே விலக வேண்டும்.

பெயர்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வழுக்கியது வலமா இடமா என்பதில்தான். படத்தில் இருப்பவர் நமக்கு எதிரே நிற்பதாகக் கொள்வது வழக்கம். ஆகவே திரையின் இடப்புறம் தெரிவது அவருடைய வலப்புறம். தெரியாததல்ல. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் அவள் கை தன் பக்கத்தையே எழுதிவிடும். எதையும் நாள் குறித்து வைப்பது என் பழக்கம். ஒவ்வொரு மாலையும் தேதியிட்டு, எத்தனை படம், பக்கம் மாறியவை எத்தனை என்று எழுதிவந்தேன்.

“உங்க நோட்டப் பாத்தாலே படிச்சது மறந்துபோகுது. மூடி வைங்க லா,” என்பாள்.

தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை, சிம்பாங் அம்பாட்டில் அவள் அம்மா வீட்டருகே உள்ள கோயிலில் அன்னதானம். ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நீள மேசைகளின் ஒரு பக்கம் சாப்பிடுகிறவர்கள், எதிர்ப்பக்கம் பரிமாறும் நாங்கள். எனக்கு இலை போடும் வேலை. நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை மறக்காமல், வரிசை முழுவதும் ஒழுங்காகப் போட்டு முடித்தேன். சாம்பார் வாளியோடு வந்த அம்மா ஒருவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, யாரு சாப்பிடப் போறா? நீங்களா, அவங்களா?”

எல்லா நுனியும் என் இடப்பக்கம் இருந்தன. உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வலம். வரிசையே சிரித்தது. “நெறைய புக்கு படிச்சா இப்படித்தான் லா,” என்றார் ஒரு லாரி ஓட்டுநர், தன் இலையைத் திருப்பிக்கொண்டே.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. உப்புக் கிண்ணத்தோடு அசையாமல் நின்றாள். உப்பு, சாப்பிடுகிறவரின் இடப்பக்க ஓரத்தில் வைப்பது. சிறு வயதிலிருந்து அதே கோயிலில் வைத்துவந்திருக்கிறாள், ஒருமுறையும் தவறியதில்லை.

“என்னங்க! எதிர்ல இருக்கறவங்க இடது எதுன்னு என் கைக்குத் தெரியுதுங்க. ஒரு தடவகூட யோசிச்சதில்ல!”

பிறகு கடகடவென்று வரிசையில் நடந்தாள். ஒவ்வோர் இலையிலும் உப்பு வைக்கும்போது, “இது மண்ணீரல் பக்கம், அது கல்லீரல் பக்கம்,” என்று முணுமுணுப்பு. கடைசியில் இருந்த தாத்தா கையால் இலையை மறைத்தார்.

“டாக்டரம்மா, உப்பு போதும்மா. கல்லீரல் வேணாம், நான் சைவம்.”

முந்தின மாலை பக்கம் மாறியவை பதினான்கு; அன்று மாலை இரண்டே இரண்டு. புதன்கிழமை ஒன்றுகூட இல்லை. அவள் மேசையைத் தட்டியதில் என் காப்பி சிந்தியது. தேர்வு நாள்வரை ஒவ்வொரு படத்தையும் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஒருவராகவே பார்த்தாள்.

ஐந்து வாரம் கழித்து, உம்பாய் கடற்கரைக் கடைகளுக்குச் சாப்பிடப் போகும் வழியில் முடிவு வந்தது. அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்; கைப்பேசி என்னிடம் இருந்தது. மேலிருந்து படிக்கத் தொடங்கினேன்: தேதி, பதிவு எண்...

“தேதி யாருக்குங்க வேணும்? பாஸா இல்லையா?”

“பாஸ்!”

காரை ஓரங்கட்டி, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் அம்மாவை அழைத்தாள்.

“அப்ப இனிமே பரீட்ச இல்லல்ல?” என்றார் அத்தை.

“இருக்கும்மா! இன்னும் ரெண்டு இருக்கும்மா!” என்று கத்தினாள் என் மனைவி.

“அதுக்கா இப்படிச் சந்தோசப்படற?”

“ஆமாம்மா,” என்றாள், அழுதுகொண்டே. “என்னய எழுத விடுவாங்கம்மா!”