பொருளாளர் மீசையில் நின்ற கம்ப்யூட்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது எனக்கு நிறைய இருக்கிறது. உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும்போது செல்போனில் பார்த்த வீடியோக்கள்தான். அந்த அறிவை வைத்துக்கொண்டு என் மனைவியின் தொழிலில் கை வைத்தேன். முட்டாள் என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. பேனர் டிசைன் செய்கிறாள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரில் ஒருவர் காது குத்திக்கொள்வதானாலும் கண்ணை மூடுவதானாலும் அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். டிசைனைப் பென் டிரைவில் போட்டு விழுப்புரம் அனுப்பினால் அச்சாகி வந்துவிடும்.

ஒரு மார்கழி மாதம், “பெரிய பேனர் ஃபைலு தொறக்கறதுக்குள்ள ஒரு டீயே போட்டுடலாம்” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், அவளுக்கு டீ பிடிக்கும். என் காதில் அது குறையாக விழுந்துவிட்டது.

கம்ப்யூட்டரின் மூளை பிராசஸர். கம்பெனி அதற்கு ஒரு வேகம் வைத்து அனுப்புகிறது. செட்டிங்கில் போய் அந்த எண்ணைக் கூட்டினால் இன்னும் வேகமாக ஓடும், கூடவே சூடும் ஏறும். ஓவர்கிளாக் என்பார்கள். இப்படிச் செய்தால் வாரண்டி போய்விடும் என்று வீடியோக்காரர் கடைசியில் சொல்லியிருக்கிறார். நான் எந்த வீடியோவையும் கடைசிவரை பார்க்கிறவன் அல்ல.

“கம்பெனிக்காரன் வச்சத நீங்க எதுக்குங்க மாத்தறீங்க?” என்றாள்.

“அவன் பயந்துகினு கொறச்சி வச்சிருக்கான்” என்றேன்.

பனி இறங்கிய விடியலில் எண்ணைக் கூட்டினேன். பறந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. “டீ போடக்கூட நேரமில்லாம பண்ணிட்டீங்க” என்றாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சித்திரை வந்தது. வல்லத்திலிருந்து தீமிதித் திருவிழாக் குழுவும் வந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் திருவிழா ஆர்டர் அது. அதுவரை திருவிழா என்றால் எல்லோரும் திண்டிவனத்துக்குத்தான் ஓடுவார்கள். இது நன்றாக அமைந்தால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அவளிடம் வரும். சொதப்பினால் மறுபடியும் காதணி விழாதான். அம்மன் நடுவில், தெருவிலுள்ள அத்தனை முகங்களும் சுற்றிலும், காப்புக் கட்டுவதற்குள் பேனர் ஊர் எல்லையில் நிற்க வேண்டும்.

அம்மன் வந்தாள். தலைவர் வந்தார். செயலாளர் வந்தார். பொருளாளரின் முகத்தை இழுத்து வைத்தாள், மீசை வரைக்கும் வந்து கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே மீசை. பொருளாளர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைஞர்தான், மீசை மட்டும் வயதில் மூத்தது.

“மாமா, மிஷினுக்கே ஒன்ன புடிக்கல” என்றான் கூட வந்தவன்.

“செயலாளருக்கு ஓடுது, எனக்கு மட்டும் நிக்குதா? யார்னா சொல்லிக் குடுத்தாங்களா அக்கா?” என்றார் பொருளாளர். குரலில் விளையாட்டு இல்லை. பேனரில் முகம் விட்டுப்போய்த் தேரே நின்றுபோன ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு.

கம்ப்யூட்டருக்கு வெக்கை என்று கண்டுபிடித்தேன். மேற்கு ஜன்னலைத் திறந்து, மேசையை அதன் அருகே இழுத்துப் போட்டேன். “மலைக்காத்து வரட்டும்” என்றேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனும் சித்திரை மாதச் சாயங்காலத்தில் ராஜகிரி மலையைப் பார்த்த ஜன்னலைத் திறக்க மாட்டான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை அந்த நேரத்தில்தான் அதைத் திருப்பி ஊதும். இப்போது செயலாளர் முகத்திலேயே நிற்க ஆரம்பித்தது. பொருளாளருக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

பிராசஸர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதி, அதைக் கழற்றினேன். வாரண்டி இருக்கிறது, விழுப்புரத்தில் வாங்கின கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். அப்போதுதான் அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன்.

நான் கூட்டிய எண் பிராசஸருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. கடைக்காரர்கள் மாட்டிப் பார்த்தால் என் குட்டு வெளிப்படும். உள்ளே இருப்பதைத்தான் அழிக்க முடியாது, வெளியிலாவது சுத்தமாக இருக்கட்டும் என்று, சூட்டை இறக்குவதற்காக அதன்மேல் பூசி, காய்ந்திருந்த பசையை மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் நிறுத்துவதுபோல் பளபளப்பாக்கி, பஞ்சில் பொதிந்து, பஸ் ஏறினேன். வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தேன்.

கடையில் கவுண்ட்டரில் ஒரு பெண் இருந்தார்.

“சொல்லுங்க சார்.”

“ஓவர்கிளாக்னா இன்னான்னே எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

“நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே சார்.”

பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்தார். “இன்னா சார், பியூட்டி பார்லர் வாசன வருது?”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மார்கழி, வீடியோ, பொருளாளர், மீசை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் தன் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்டின்னா வாரண்டி கெடையாது சார். அனுப்பினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார் அந்தப் பெண். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “இருங்க, எதுக்கும் மாட்டிப் பாக்கலாம்.”

கடைக் கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டிச் சோதனையை ஓட விட்டார். நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் ஆவல சார். நல்லாதான் இருக்குது. எடுத்துனு போங்க.” புதுப் பசையும் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் வல்லத்து அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து மனைவிக்குப் போன் செய்து, “கடைக்காரங்களே அசந்துட்டாங்க” என்றேன்.

வீட்டில் திருவிழாக் குழு காத்திருந்தது. மாட்டினேன். அம்மன், தலைவர், செயலாளர் என்று வரிசையாக வந்தார்கள். மீசையில் நின்றது.

பொருளாளர் எழுந்துவிட்டார். “தப்பா நெனச்சிக்காதீங்க அக்கா. திண்டிவனத்துலயே பாத்துக்கறோம்.”

என் மனைவி அவரிடம், “கொஞ்சம் ஒக்காருங்க தம்பி” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “மார்கழியில இன்னா பண்ணீங்களோ அத எடுத்து உட்டீங்களா?”

“அது பிராசஸர்லதான் இருக்குது. கடையிலயே நல்லா ஓடுச்சே?”

“அங்க ஓடுது, இங்க ஓடலன்னா, நீங்க பண்ணது எங்க இருக்குது?”

செட்டிங்கைத் திறந்தேன். நான் மார்கழியில் வைத்த எண், பிராசஸரை மாட்டுகிற போர்டில், வைத்த இடத்திலேயே இருந்தது. நான் விழுப்புரம் போய் வந்ததெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. குற்றத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு பாவமும் அறியாத பிராசஸரை விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

எண்ணைக் கம்பெனி வைத்த இடத்துக்கே இறக்கினேன். அவள் எழுந்துபோய் மேற்கு ஜன்னலைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் பழையபடி டவுன் பஸ் மாதிரி ஓடியது. மெதுவாக, எல்லா நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு. பொருளாளர் முகம் வந்தது, மீசை வந்தது, அதையும் தாண்டித் துணைச் செயலாளர் வந்தார். குழுவினர் விசில் அடித்தார்கள். “இன்னும் கொஞ்சம் முறுக்கி உடுங்க அக்கா” என்றார் பொருளாளர். ஃபைல் சேமிப்பாவதற்குள் அவள் எல்லோருக்கும் டீயே போட்டுவிட்டாள்.

காப்புக் கட்டுவதற்கு முன்பே பேனர் நின்றுவிட்டது. தீமிதியன்று நாங்களும் வண்டியில் வல்லம் போனோம். ஊர் எல்லையில் அம்மனும், அவளுக்கு அடுத்தபடி அந்த மீசையும். பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பேனரின் அடியிலிருந்த என் மனைவியின் கடைப் பெயரைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பிராசஸரைப் பஞ்சில் சுமந்தவன் நான்தானே?

“இம்மாம் பேர வச்சிருக்கியே, ஓரத்துல என் மூஞ்சியையும் சின்னதா வச்சிருக்கலாம் இல்ல?” என்று கேட்டேன்.

“வச்சா நின்னுடும்” என்றாள்.