கிராவ்ஹோர்ன் முகட்டில் முதல் தடம்

என் அக்கா புருஷன் தியோடுலுக்குக் கருங்கழுத்து ஆடுகள் பதினொன்று உண்டு. தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் கிடையாது. முப்பது வருஷமாக கிராவ்ஹோர்ன் உச்சிக்கு வழிகாட்டி. ஜூன் பிறந்ததும் பனியில் முதல் தடத்தை அவர்தான் பதிப்பார். பின்னால் வருகிறவர்கள் கோடை முழுக்க அதில் கண்ணை மூடிக்கொண்டு கால் வைப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படித்தான் வழக்கம். அந்தக் கர்வத்தோடு அவரைச் சகித்துக்கொள்வது எங்கள் குடும்பத்தின் தலையெழுத்து.

பனியாற்றைக் கடந்து, செம்பாறையில் ஏறினால் கணவாய். அங்கிருந்து உச்சிவரை ஒடுங்கிய பனிமுகடு. தெற்கே இத்தாலி, வடக்கே எங்கள் ஊர், இரண்டு பக்கமும் அதலபாதாளம். வடகாற்று அடித்து அடித்துப் பனி முகட்டுக்கு வெளியே தாழ்வாரம்போல் அந்தரத்தில் நீண்டு நிற்கும். மிதித்தால் இடிந்துவிடும். அது எப்போதும் இத்தாலிப் பக்கம்தான் தொங்கும். அதனால் தடம் எப்போதும் எங்கள் பக்கம்.

அந்த வருஷம் மலைக்குடிலில் சூப் குடிக்கும்போது, பக்கத்து ஊர் வழிகாட்டி வால்பர்கா ஒரு சந்தேகம் சொன்னாள். குளிர்காலம் முழுக்கத் தெற்கிலிருந்துதான் காற்று அடித்தது, தாழ்வாரம் இந்த முறை நம் பக்கம் தொங்கலாம் என்றாள்.

தியோடுல் பாலாடைக்கட்டியை நறுக்கிக்கொண்டே, "காத்து உங்க ஊர்ல திசை மாறும் வால்பர்கா. மலை மாறாது," என்றார். குடிலே சிரித்தது. நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் தடம் போட முகட்டில் இருந்தோம். அவர் முன்னால், பதினைந்து மீட்டர் கயிற்றின் மறுமுனையில் நான். வால்பர்கா, மலையேற வந்த இரண்டு விருந்தினரோடு எங்கள் தடத்திலேயே கணவாய்க்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல் வடக்கே ஒதுங்கி நடந்தார். நான் பனிக்கோடரியின் காம்பை ஊன்றினேன். அது தடையே இல்லாமல் இறங்கியது. உருவிவிட்டுத் துளைக்குள் பார்த்தால், வெகு கீழே பனியாறு நீலமாகத் தெரிந்தது.

கத்தினால் சண்டைக்குத் திரும்பி நிற்பார், பனி இடிய அந்த மிதியே போதும். மெதுவாகச் சொன்னேன்.

"மச்சான், நாம தாழ்வாரத்து மேல நிக்கிறோம். தெக்கால ஒதுங்குங்க."

"உளறாதடா. முப்பது வருஷமா நான்..."

அவர் முடிக்கவில்லை. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். பனியோடு சேர்ந்து வடக்கே போய்விட்டார். ஒருவர் ஒரு பக்கம் விழுந்தால் அடுத்தவர் மறுபக்கம் குதிக்கவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். கேட்டுத் தலையாட்டுவது சுலபம். நான் கண்ணை மூடிக்கொண்டு இத்தாலிப் பக்கம் குதித்தேன்.

கயிறு முகட்டை அறுத்துக்கொண்டு இறங்கி, நின்றது. ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம். எதிர்முனையில் கயிறு அசைந்தபோதுதான் அவர் உயிரோடிருப்பது தெரிந்தது. கோடரியால் குத்திக் குத்தி மேலே வர இருவருக்கும் அரைமணி நேரமானது. அவர் நெற்றியில் ரத்தம். அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்தார். இடிந்தது பாதிதான். மீதித் தாழ்வாரத்தின்மேல் அவர் தடம் அழகாகப் போனது. இடிந்த இடத்தைப் பனிமேடு மறைத்திருக்க, வால்பர்கா அதில் கால் வைக்கப் போனாள்.

பனி திடீரென்று சரிந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

"வைக்காத வால்பர்கா!" என்று கத்தினார். "அந்தத் தடம் தப்பு. போட்டவன் நான்தான். நீ சொன்னதுதான் சரி."

அவள் காலைப் பின்னுக்கு இழுத்தாள். விருந்தினரைக் கணவாய்க்குத் திருப்பி நடத்தினாள். நாங்கள் தெற்குப் பக்கமாகவே தவழ்ந்து அவளிடம் போனோம்.

"இனிமே நீ முன்னால போ," என்றார் தியோடுல். "நாங்க உன் தடத்துல வர்றோம்."

விழுந்தபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.